கழற்றி மாட்டும் போன்: உங்கள் அனுபவம் என்ன?

ஆயர் ஈத்தாம் வாசி

வணக்கம். தைப்பூசத்துக்கு முதல் நாளான செட்டிப்பூசத்தன்று பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வெள்ளி ரதம் வரும் நேரம். அப்பா பக்கத்தில் நிற்கிறார், நான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பேட்டரி 41 விழுக்காடு என்று காட்டிய போன் சட்டென்று அணைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், பின்பக்கக் கண்ணாடி ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது.

வாங்கி நாலு வருஷமான போன். திரை, கேமரா, வேகம் எதிலும் எனக்குக் குறை இல்லை. கடையில் கொடுத்தேன். சூடு காட்டித் திறக்கும்போது கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. பேட்டரிக்கு 130 ரிங்கிட், கண்ணாடிக்கு 150. அப்பா தன் பழைய பொத்தான் போனை எடுத்து, நகத்தால் மூடியைக் கழற்றி, பேட்டரியை என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

2013 செப்டம்பரில் டேவ் ஹாக்கென்ஸ் என்ற டச்சு வடிவமைப்பாளர் 'போன்பிளாக்ஸ்' என்று ஒரு காணொளி போட்டார். ஒரு பலகை, அதில் கட்டை கட்டையாகச் செருகும் பாகங்கள். எது பழசானதோ அதை மட்டும் மாற்றலாம். அடுத்த மாதமே, அப்போது கூகுளிடம் இருந்த மோட்டோரோலா அதே மாதிரி போனுக்கான 'புராஜெக்ட் ஆரா' திட்டத்தை அறிவித்தது. நான் காசு சேர்த்து வைத்துக் காத்திருந்தேன். 2015-இல் போர்ட்டோ ரிக்கோவில் முதலில் விற்றுப் பார்ப்பதாகச் சொன்னார்கள், நடக்கவில்லை. 2016 செப்டம்பரில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

அது முடியாத காரியமா, முடிந்தும் நம் கைக்கு வராமல் போனதா? இந்த மாதிரி போனை வைத்திருந்தவர்கள், பழுது பார்ப்பவர்கள், தொழிற்சாலையில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் எழுதுங்கள்.

செந்தூல் பழுதுக்காரன்

அண்ணே, பதினொரு வருஷமாக இதுதான் எனக்குச் சோறு. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் ஒருவரிடம் தொழில் கற்றேன், இப்போது செந்தூலில் சின்னதாகச் சொந்தக் கடை. என் மேசைக்கு வருவதில் பெரும்பாலானவை மூன்றுதான்: திரை, பேட்டரி, சார்ஜிங் போர்ட். இந்த மூன்றையும் கழற்றி மாட்ட வசதி இருந்தாலே பாதிப் போன்கள் இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஓடும்.

பசை போட்டு ஒட்டிய போனைத் திறப்பது எப்படி என்று சொல்கிறேன். சூட்டுத் தட்டில் வைத்து, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் நுழைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். பேட்டரியும் அடியில் ஒட்டியிருக்கும். நெம்பும்போது அது குத்துப்பட்டால் புகைதான், தீயும் பிடிக்கலாம். தயவுசெய்து உப்பிய பேட்டரியைச் சார்ஜில் போடாதீர்கள், வீட்டில் கத்தியால் நெம்பவும் வேண்டாம். இவ்வளவு செய்து புதிய பேட்டரி போட்டாலும், சில போன்கள் பாகத்தின் எண்ணைச் சரிபார்த்து 'அறியாத பாகம்' என்று எச்சரிக்கை காட்டும்.

போனின் மூளையான சிப்பை மாற்றித் தரச் சொல்லி யாரும் வந்ததில்லை, ஒரே ஒரு சமயம் தவிர. 2021 முடிவில் மலேசியாவில் பழைய 3ஜி இணைப்பை நிறுத்தினார்கள் இல்லையா? அந்த மாதங்களில் வயதானவர்கள் கீறல்கூட இல்லாத போன்களைத் தூக்கிக்கொண்டு வந்து, "தம்பி, இதை 4ஜியாக மாற்ற முடியுமா?" என்று கேட்டார்கள். போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் மோடம் பெரும்பாலும் சிப்புக்குள்ளேயே இருக்கும், அதைத் தனியாகப் பிரிக்க வழியில்லை. நல்ல போனைத் திருப்பிக் கொடுத்து "புதுசு வாங்குங்க, அம்மா" என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. அன்றைக்கு நானும் ஆராவைத்தான் நினைத்தேன்.

பட்டர்வொர்த் பையன்

நான் 2016-இல் எல்ஜி ஜி5 வைத்திருந்தேன். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திக் கீழ்ப்பகுதியை இழுத்தால் பேட்டரியோடு வெளியே வரும். பேட்டரியின் கொள்ளளவு 2800 எம்ஏஎச்தான், ஆனால் என் பையில் இன்னொன்று எப்போதும் இருக்கும். கோலாலம்பூருக்கு ரயிலில் போகும்போது தைப்பிங் தாண்டியதும் மாற்றிக்கொள்வேன். அந்தச் சுகம் வேறு எந்தப் போனிலும் கிடைக்கவில்லை.

அதற்கென்றே கேமரா பிடியும் இசைப் பாகமும் தனியாக விற்றார்கள். நான் வாங்கவில்லை. அடுத்த போனிலும் பொருந்துமா என்று யோசித்தேன். 2017-இல் ஜி6 முழுக்க மூடிய உடம்போடு, நீர் புகாத ஐபி68 தரத்தில் வந்தது. 2021-இல் அந்த நிறுவனம் போன் தொழிலையே விட்டுவிட்டது. மோட்டோரோலாவின் மோட்டோ ஸெட் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. காந்தத்தில் முதுகில் ஒட்டும் ஸ்பீக்கர், புரொஜெக்டர் எல்லாம் 2016-இலிருந்து 2019 வரை ஒரே அளவில் இருந்தன. ஆனால் அவை துணைப்பொருள்கள்தான். உள்ளே இருக்கும் போன் பழசாகிக்கொண்டேதான் இருந்தது.

பாயான் லெப்பாஸ் அக்கா

தம்பிகளா, நான் 22 வருஷம் மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்தவள். இணைப்பி என்றாலே எங்களுக்கு ஒரு பயம் உண்டு. பலகையில் நேராகப் பற்றவைத்த பாகம் அசையாது. செருகி எடுக்கும் பாகத்தில் தூசி சேரும், வியர்வை படும், தங்கப் பூச்சு தேயும். நம் ஊர் ஈரப்பதம் வேறு. ஒவ்வொரு பாகத்துக்கும் தனிக் கூடு, தனிச் சுவர் வேண்டும், அந்தச் சுவர்கள் பேட்டரியின் இடத்தைத்தான் தின்னும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. போனில் சிப்பின் தலைமேலேயே ராம் என்ற தற்காலிக நினைவகத்தை அடுக்கிப் பற்றவைக்கும் வழக்கம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஓடும் சமிக்ஞை அவ்வளவு வேகம். அதைப் பிரித்து நீளப் பாதையில் ஓடவிட்டால் வேகமும் குறையும், மின்சாரமும் அதிகம் செலவாகும். ஆரா குழுவும் கடைசியில் இதை ஒத்துக்கொண்டது. 2016 மே மாதம் காட்டிய வடிவத்தில் சிப், திரை, பேட்டரி எல்லாவற்றையும் சட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டு, வெளியே ஆறு செருகிடம் மட்டும் விட்டார்கள். எது சீக்கிரம் பழசாகுமோ அதுவே மாற்ற முடியாத பாகமாகிவிட்டது.

சோதனைக் கணக்கையும் பாருங்கள். ஆறு இடம், ஒவ்வொன்றிலும் நாலு வகைப் பாகம் என்றால் 4096 சேர்க்கை. எங்கள் பிரிவில் ஒரே ஒரு மாடலைத் தேற்றவே இரவுப்பணி போட்டோம். நம் நாட்டில் அலைவரிசை பயன்படுத்தும் கருவிக்குச் சிரிம் என்ற அமைப்பின் தரச் சான்றும் வேண்டும். பாகம் மாறினால் சான்று யார் எடுப்பது?

முடியாது என்று சொல்ல எனக்கு ஆசையில்லை. மேம்படுத்துவது வேறு, பழுது பார்ப்பது வேறு. முதலாவதைக் கேட்டுக் கேட்டு இரண்டாவதைத் தவறவிட்டோமோ என்று எனக்கு வருத்தம்.

பிரிக்பீல்ட்ஸ் கவிதைக்காரி

அக்கா சொன்ன இரண்டாவது என் கையில் இருக்கிறது. நெதர்லாந்தில் படித்தபோது 2019-இல் பாகங்களைக் கழற்றி மாட்டக்கூடிய ஃபேர்போன் 3 வாங்கினேன், இன்னும் அதையேதான் பிரிக்பீல்ட்ஸில் பயன்படுத்துகிறேன். பெட்டியிலேயே சின்னத் திருப்புளி வைத்திருந்தார்கள். பேட்டரியை எடுக்க அதுகூட வேண்டாம், விரலே போதும். ஒருமுறை போன் என்.யு. சென்ட்ரல் படிக்கட்டில் விழுந்து திரை போய்விட்டது. புதுத் திரை வரவழைத்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே மாற்றினேன். எனக்கு மின்னணு பற்றி ஒன்றும் தெரியாது. திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

2020-இல் அடுத்த மாடலான ஃபேர்போன் 3+ வந்தபோது அதன் 48 மெகாபிக்சல் கேமராவைத் தனிப் பாகமாகவும் விற்றார்கள். வாங்கி என் பழைய போனில் மாட்டினேன். பழைய கேமரா 12 மெகாபிக்சல். அன்று இரவு எடுத்த முதல் படத்தை அம்மாவுக்கு அனுப்பி, "பாருங்கம்மா, அதே போன்தான்" என்று எழுதினேன். மேம்படுத்துவது நடக்கவே நடக்காது என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆனால் சிப் இரண்டிலும் ஒன்றுதான், ஸ்னாப்டிராகன் 632. அது மாறவில்லை, மாறவும் மாறாது. வங்கிச் செயலி திறக்கும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். போனை வாழவைத்தது திருப்புளி மட்டுமா என்றால், மென்பொருளும்தான். ஆண்ட்ராய்டு 9-இல் வந்த போனுக்கு 13 வரை கொடுத்தார்கள். மென்பொருள் நின்றுவிட்டால் எத்தனை பாகம் மாற்றியும் பயனில்லை.

செந்தூல் பழுதுக்காரன்

ஒன்று சேர்க்கிறேன். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதுப் போன்களுக்கு விதி வந்துவிட்டது. அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். பேட்டரியைப் பயனரே மாற்ற வசதி வேண்டும், இல்லையென்றால் 1000 முறை சார்ஜ் செய்த பிறகும் 80 விழுக்காடு தாங்கி, நீர் புகாததாகவும் இருக்க வேண்டும். சட்டம் அங்கேதான், ஆனால் நமக்கென்று தனி அச்சு வார்க்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஆயர் ஈத்தாம் வாசி

எல்லாருக்கும் நன்றி. கவிதைக்காரி போன வாரம் குடும்பத்தோடு பினாங்கு வந்திருந்தார். லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம், அப்பாவும் கூட வந்தார். அவருக்கு வயது 71. கவிதைக்காரியின் போனை அப்பா கையில் கொடுத்ததும், கேட்காமலேயே மூடியின் ஓரத்தை நகத்தால் தேடினார். திறந்தது. பேட்டரியை எடுத்தார், வேட்டி முனையில் துடைத்தார், திரும்ப வைத்து மூடிப் பொத்தானை அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்டார். நான் போய்ப் பார்த்த கடை எதிலும் இல்லை என்று சொன்னேன்.