சீகை அகற்றும் திட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும்? நீலகிரி, பழனி மலை அனுபவங்கள்

உதகை (இழையைத் தொடங்கியவர்)

காட்டுக்குள் வனத்துறை எடுக்கும் பணிகளின் திட்ட அறிக்கையைப் படித்துக் கருத்து எழுதுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சீகை (வாட்டில் மரம்), கற்பூரம் (யூகலிப்டஸ்), பைன், உண்ணிச்செடி (லான்டானா) போன்ற அந்நியத் தாவர அகற்றம், தீத்தடுப்புக் கோடு என்று எதுவானாலும், களத்தில் கண்டது என்ன, காகிதத்தில் விடுபடுவது என்ன என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். முறை, அளவு, தவறும் இடம், அதன் காரணம் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது?" என்று பலர் காத்திருக்கிறார்கள். அது வராது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கையின் அட்டவணையில் சுரங்கம், அணை, நெடுஞ்சாலை போன்றவை உண்டு. வனத்துறை தன் காட்டிலுள்ள தோப்பு மரத்தை எடுப்பது அதில் இல்லை. 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்திலும் தீத்தடுப்புக் கோடு, வேலி, சிறுபாலம், தண்ணீர்க் குட்டை முதலியவை 'காடு சாராத பயன்பாடு' என்ற கணக்கில் வருவதில்லை. 2023 திருத்தம் மரவளர்ப்புப் பணிகளையும், மேலாண்மைத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட சூழல் சுற்றுலா வசதிகளையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஆகவே உண்மையான ஆய்வு நடக்கும் இடம் மேலாண்மைத் திட்டம்தான். காப்புக்காடு என்றால் பத்தாண்டு ஒர்க்கிங் பிளான். மத்திய அரசு ஏற்ற ஒர்க்கிங் பிளான் இல்லாமல் மரம் வெட்டக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1996 டிசம்பர் 12 ஆணை. சரணாலயம் என்றால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 29ஆவது பிரிவு, முக்குருத்தி போன்ற தேசியப் பூங்கா என்றால் 35(6), முதுமலை என்றால் புலிகள் பாதுகாப்புத் திட்டம். 'அகற்றுவது வன உயிர்களின் நலனுக்குத் தேவை' என்று மாநில அரசு, வன உயிரின வாரியத்தைக் கலந்து முடிவு செய்திருக்க வேண்டும். 2013-இல் கொடைக்கானல் சரணாலயமானபோது பழைய சீகை, பைன் தோப்புகளும் அதன் எல்லைக்குள் வந்துவிட்டன. அங்கே முதலில் கேட்க வேண்டியது, வெட்டிய கட்டை எங்கே போகிறது என்பது. 29ஆவது பிரிவின்படி அதைச் சுற்றுவட்டார மக்களின் சொந்தத் தேவைக்குத் தரலாம், வணிகத்துக்குக் கூடாது. அறிக்கையில் 'மதிப்பிடப்பட்ட வருவாய்' என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே பென்சிலை வையுங்கள்.

குந்தா

அண்ணா சட்டம் சொன்னார். நான் சீகையைச் சொல்கிறேன். அறிக்கையில் 'சீகை' என்று ஒரே சொல்லாக இருந்தால் அது பாதி அறிக்கைதான். இங்கே மூன்று சீகை உண்டு, மூன்றும் வெட்டுக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லும்.

கரும்பச்சை இலைக் கருஞ்சீகை பெரும்பாலும் விதையால் பரவுவது. தரையை ஒட்டி வெட்டினால் அடிக்கட்டை துளிர்ப்பது குறைவு. ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் விதை பல பத்தாண்டு உயிரோடு இருக்கும். வெளிச்சமும் சூடும் பட்டால் ஒரே மழையில் பாய் விரித்ததுபோல் முளைக்கும். சாம்பல் இலை வெள்ளிச்சீகை வேரிலிருந்து கன்று விடும். ஒரு மரத்தை வெட்டினால் சுற்றிலும் கன்றுகள் எழும். கருமரச் சீகையும் வேர் அடிபட்டால் அப்படித்தான். அதனால் ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்குவது என்று அறிக்கையில் இருந்தால், எந்தச் சீகைக்கு என்று கேளுங்கள். வெள்ளிச்சீகைக்கும் கருமரத்துக்கும் அது பெருக்கும் வேலை. கருஞ்சீகைக்கும் நல்லதில்லை, மண் புரண்டு, புதைந்த விதையெல்லாம் மேலே வந்துவிடும்.

கழிவுக் கொம்பை என்ன செய்கிறார்கள் என்பதும் முக்கியம். குவித்து எரித்தால் அந்த வட்டத்தில்தான் முளைப்பு மிக அடர்த்தியாக வரும், சூட்டில் விதையின் கெட்டித்தோல் உடைவதால். அப்படியே பரப்பிவிட்டால் புல் மேலே வராது, பிப்ரவரி, மார்ச்சில் தீக்கு விறகாகும். சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டில், சரிவைப் பொறுத்து 5 முதல் 10 மீட்டர் இடைவெளியில் வரிசையாக அடுக்குவது சரி. மண்ணும் நிற்கும்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. எனக்கு வரும் எஸ்டிமேட்டுகளில் வெட்டு, இழுப்பு, வண்டியில் ஏற்றுதல் எல்லாம் முதல் ஆண்டில் விரிவாக இருக்கும். இரண்டாம் ஆண்டுக்கு 'பராமரிப்பு' என்று ஒரு வரி. மூன்றாம் ஆண்டு காலி. சீகையில் செலவே இரண்டாம் ஆண்டில்தான் ஆரம்பம். நாற்று பென்சில் பருமனுக்குள் இருக்கும்போது, மண் ஈரமாக இருக்கையில், கையால் வேரோடு பிடுங்கினால் வரும். ஒரு பருவம் தாண்டினால் அரிவாள் வேண்டும், இரண்டு தாண்டினால் மறுபடி கூப்புதான், அதாவது முழு மரவெட்டு. ஆண்டுக்கு இரண்டு முறை, குறைந்தது ஐந்து ஆண்டு பிடுங்க நிதி ஒதுக்காத திட்டத்தை 'அகற்றம்' என்று சொல்லவே கூடாது. வெட்டாமல் விட்டிருந்தால் மேல் நிழலில் விதையாவது உறங்கியிருக்கும்.

இன்னொன்று: வெட்டிய இடத்துக்கு சீகை மட்டும் திரும்புவதில்லை. உதகை சுற்றில் செஸ்ட்ரம், யூபடோரியம் என்ற களைச்செடிகள் உடனே புகும், மேல்பகுதியில் ஸ்காட்ச் புரூம் என்ற புதர். லாரி, டிராக்டர் சக்கரச் சேற்றில் புரூம் விதை பயணம் செய்யும். இடம் மாறும்போது வண்டியைக் கழுவும் நிபந்தனை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

மேல் பழனி

குந்தா நண்பர் சொன்னது புல்வெளிக்குச் சரி. ஆனால் எல்லாச் சீகைத் தோப்பும் புல்வெளிக்குத் திரும்பாது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக 2018-இல் வெளிவந்த செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது. அந்த இழப்பு எனக்கும் வலிக்கிறது. ஆனால் பழைய தோப்புகளின் கீழே, குறிப்பாகச் சோலையை (உயர்மலைப் பசுமைமாறாக் காட்டை) ஒட்டிய பள்ளங்களில், சோலை மரக் கன்றுகள் நிழலில் வளர்ந்து நிற்கின்றன. அங்கே மேலே நிற்கும் சீகையை ஒரேயடியாகச் சாய்த்தால், விழும் மரமே கன்றை நசுக்கும். தப்பியதை டிசம்பர், ஜனவரி உறைபனி கருக்கும். மிச்சத்தைக் கடமானும் காட்டுமாடும் மேயும்.

ஆகவே முதலில் கணக்கெடுப்பு. 20-க்கு 20 மீட்டர் சதுரம் போட்டு, அந்நிய மரங்களை மார்பளவில், அதாவது 1.37 மீட்டர் உயரத்தில், சுற்றளவு எடுக்க வேண்டும். அதே சதுரத்தின் உள்ளே 5-க்கு 5-இல் சோலைக் கன்றுகள், 1-க்கு 1-இல் புல். 50 ஹெக்டேரில் ஒரு விழுக்காடு பார்க்கவே 12, 13 சதுரம் வேண்டும். 'ஆய்வு செய்யப்பட்டது' என்று எழுதி இரண்டு சதுரத்தின் அட்டவணையை இணைத்திருந்தால், அவை சாலையிலிருந்து எத்தனை மீட்டர் என்று ஜிபிஎஸ் புள்ளியை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஜீப் நிற்கும் இடத்தில்தான் இருக்கும்.

பிறகு இடத்தைப் பிரிக்க வேண்டும். பழைய நிலப்படத்திலும் 1970-களின் செயற்கைக்கோள் படத்திலும் புல்லாக இருந்து, பாறை இடுக்கில் இன்னும் புல் தூரும் குறிஞ்சியும் மிஞ்சியிருக்கும் மேடு என்றால் வெட்டலாம். சோலை ஓரம், ஓடைப் பள்ளம் என்றால் வெட்டாமல் பட்டை உரித்து, நின்றபடியே காயவிட்டு, சில ஆண்டுகளில் மெல்ல மேல்நிழலைக் குறைக்கலாம். ஒரே ஹெக்டேர் விலையில் இரண்டையும் எஸ்டிமேட் போட்டிருந்தால் பிரிக்கவே இல்லை என்று பொருள்.

காற்றையும் மறக்க வேண்டாம். நடுவில் திறந்துவிட்ட பைன் தோப்பின் ஓரமரங்கள் காற்றுக்குப் பழகாதவை. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் வழியாகப் போனபோது மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். காற்று வரும் பக்கத்தை விட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வர வேண்டும்.

புல் நடுவதில் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. புல் தூரை 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் தூர் வேண்டும். அரை மீட்டர் இடைவெளி என்றால் 40,000. எஸ்டிமேட்டில் 2,500 என்று இருந்தால் அது 2-க்கு 2 மீட்டர், மரம் நடும் அளவு. பழைய மரநடவுக் காகிதத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தூர் எங்கிருந்து வருகிறது என்பதும் கேள்வி. நல்ல புல்வெளியைத் தோண்டி எடுத்தால் இங்கே ஒட்டுப்போட அங்கே கிழிப்பதாகும். நாற்றங்கால் ஓராண்டு முன்னரே தொடங்கியிருக்க வேண்டும்.

மசினகுடி

இங்கே சீகை இல்லை, உண்ணிச்செடியும் மஞ்சள் கொன்றையும்தான் தொல்லை.

உண்ணிச்செடியை வெட்டினால் துளிர்க்கும், எரித்தாலும் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் துளிர்மொட்டு இருக்கிறது. கொத்தால் மண்ணுக்குக் கீழே சில சென்டிமீட்டரில், அந்தக் கழுத்துக்கும் கீழே, ஆணிவேரை வெட்டிப் புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். காய் பழுக்கும் முன் செய்ய வேண்டும். கொண்டைக்குருவி பழம் தின்று உட்காரும் மரங்களின் அடியில் அடுத்த மழைக்கு நாற்று வரும், அங்கே மட்டும் தனியாக ஆள் போட்டு இரண்டு மூன்று ஆண்டு பிடுங்கினாலே பெரும்பகுதி அடங்கும். காலியான இடத்தில் உள்ளூர்ப் புல்விதை தூவாவிட்டால் யூபடோரியம் அந்த இடத்தைப் பிடிக்கும்.

மஞ்சள் கொன்றை இன்னும் பிடிவாதம். வெட்டின இடத்தில் பத்து துளிர் விடும். சிறு கன்றைப் பிடுங்கலாம், பெரியதைப் பட்டை உரிக்கலாம். ஆனால் உரிப்பு வேர்க்கழுத்து வரை இறங்க வேண்டும், ஒரு விரல் அகலம் பட்டை விட்டாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். உரித்த பிறகு துளிர் ஒடிக்கத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். கணக்கில் 'அகற்றிய ஹெக்டேர்' மட்டும் கேட்காமல், துளிர் ஒடித்த தேதிகளைக் கேளுங்கள்.

கோத்தகிரி

தண்ணீர் பற்றி. 'அந்நிய மரம் அகற்றினால் ஓடை பெருகும்' என்று எல்லா அறிக்கையும் எழுதுகிறது. அதற்கு ஓர் அடிப்படை உண்டு. உதகை மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளென்மார்கனில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டது. ஒன்றில் கற்பூரம் நட்டதும், முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது, வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் இன்னும் அதிகம். ஆனால் அது நட்டதன் கணக்கு. எடுப்பதால் எவ்வளவு திரும்பும் என்பது உங்கள் ஓடையில் அளந்தால்தான் தெரியும்.

அளக்கச் செலவு பெரிதில்லை. ஓடைக்குக் குறுக்கே 90 பாகை முக்கோண வாய் வைத்த சிறு தடுப்பு, பின்னால் அசையாத நீர்த்தேக்கம், ஓர் அளவுகோல், பக்கத்தில் மழைமானி. தினம் ஒரு வாசிப்பு. வெட்டும் ஓடைக்கும், வெட்டாத பக்கத்து ஓடைக்கும் ஒன்று ஒன்று. வெட்டுவதற்கு முன் முழுதாக ஓர் ஆண்டு எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மழை கூடியதா மரம் குறைந்ததா என்று பிரிக்கவே முடியாது. தேங்கிய மண்டியை மழைக்குப் பின் வாராவிட்டால் வாசிப்பு பொய் சொல்லும்.

சரிவைப் பற்றி ஒரே வரி: 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மே மாதம் செங்குத்துச் சரிவை மொட்டையாக்கி, ஜூனில் மழையை எதிர்கொள்ளும் கால அட்டவணையை யாரும் ஏற்கக் கூடாது.

தேவாலா

சார், எங்கள் பக்கம் அறிக்கையே கையில் கிடைப்பதில்லை. தகவல் உரிமையில் எப்படிக் கேட்பது?

உதகை (இழையைத் தொடங்கியவர்)

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கோட்ட வன அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள் தம்பி. 30 நாளில் பதில், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'திட்டம் பற்றிய எல்லாத் தகவலும்' என்று கேட்காதீர்கள், பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். காப்புக்காட்டின் பெயரும் அதற்குள் உள்ள பிரிவின் (கம்பார்ட்மென்ட்) எண்ணும் குறிப்பிட்டு, எஸ்டிமேட், அனுமதி ஆணை, மரக் கணக்கெடுப்புப் பதிவேடு, எல்லை வரைபடத்தின் கேஎம்எல் கோப்பு (கணினி நிலப்படத்தில் திறக்கும் கோப்பு), ஒர்க்கிங் பிளானில் அந்தப் பிரிவுக்கான பக்கங்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கூடவே, அதே சரகத்தில் மூன்று ஆண்டு முன் வெட்டிய இடத்தின் பராமரிப்புச் செலவுப் பதிவேட்டையும் கேளுங்கள். புதிய காகிதம் சொல்லாததை அது சொல்லும்.

குன்னூர்

ஓர் அக்கறை விடுபடுகிறது. நீலகிரியில் சீகைதான் ஏழை வீட்டு விறகு. தோட்ட லயத்துப் பெண்கள் எந்தத் தோப்பிலிருந்து சுமை எடுக்கிறார்கள் என்று எந்த அறிக்கையும் விசாரிப்பதில்லை. எல்லாத் தோப்பையும் ஒரே பருவத்தில் எடுத்தால் அவர்கள் போய் நிற்பது சோலை ஓரத்தில்தான். ஊருக்கு அருகிலுள்ள தோப்பைக் கடைசியில் எடுப்பது, வெட்டிய கொம்பில் ஒரு பங்கை ஊர் எல்லையில் இறக்கிவைப்பது, இவை நிபந்தனையாகவே எழுதப்பட வேண்டும்.

தோடர் மந்துகளின் (குடியிருப்புகளின்) எருமை மேய்ச்சல் வழி, கோயில் கூரைக்குப் புல் எடுக்கும் சதுப்பு ஓரம், குறும்பர் தேன் எடுக்கும் மரம், பழனியில் பளியர் கிழங்கு தோண்டும் இடம், எல்லாம் வெட்டு வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சதுப்பில் கட்டை இழுத்தால் அந்தத் தடம் ஓடையாகி நீரை வடித்துவிடும், புல் போய்விடும். 2006 வன உரிமைச் சட்டம் சமூக வன வளத்தைக் காக்கவும் மீட்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. அது ஊராட்சிக் கூட்டம் அல்ல, குடியிருப்பு அளவிலான சபை. பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தீர்மான நகலில் வருகைப் பதிவு இணைந்திருக்கிறதா, தீர்மானத் தேதி டெண்டர் தேதிக்கு முந்தியதா என்று இரண்டையும் பாருங்கள்.