சாங்கி – நியூயார்க்: தூரத்தை வைத்துப் பயண நேரத்தைக் கணக்கிடலாமா?

ஈசூன்வாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு நியூயார்க்கில் இருக்கும் தம்பி வீட்டுக்குச் செல்லவிருக்கிறேன். சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து அங்குள்ள ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்தால் 17 மணி நேரம் வருகிறது. நேரடி விமானத்துக்கோ 18 மணி நேரத்துக்கும் மேல் போட்டிருக்கிறார்கள். பயணச்சீட்டில் புறப்படும் நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் இடையே ஆறேழு மணி நேரம்தான் இருக்கிறது. அம்மா வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் எந்தக் கணக்கை நம்புவது என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தோ பாயோ நண்பர்:
தூரம் சரிதான், ஆனால் அது இரண்டு இடங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய கோட்டின் நீளம். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்: இரண்டு ஊர்களும் தீர்க்கரேகையில் ஏறக்குறைய எதிரெதிரே இருப்பதால், நூல் சாங்கியிலிருந்து நேர் வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டிச் சென்று, கனடா வழியாக இறங்கும். விமானங்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டைப் பிடித்துப் போவதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்றோட்டத்தின் துணையைப் பெற, போகும்போது பசிபிக்கைக் கடந்தும், திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகவும், இரண்டு முறையும் கிழக்கு நோக்கியே பறப்பதுண்டு. அப்படிப் போய்வந்தால் உலகையே ஒரு சுற்றுச் சுற்றியதாகிவிடும் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. வழி நீண்டாலும் பின்னாலிருந்து தள்ளும் காற்று அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். மேலும், அட்டவணை நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் தரையிறங்கியபின் வாயிலுக்கு வருவதும் அடங்கும். ஆகவே அட்டவணையில் உள்ள மொத்த நேரத்தையே நம்புங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா:
தம்பி, ஆறேழு மணி நேரம் என்பது கடிகாரங்களின் வேறுபாட்டால் வருவது. ஜூனில் சிங்கப்பூர் நியூயார்க்கைவிட 12 மணி நேரம் முன்னால் இருக்கும். குளிர்காலத்தில் அது 13 ஆகும். அம்மாவின் கைக்கடிகாரத்தை இறங்கும்வரை சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருங்கள். மாத்திரை வேளை குழம்பாது. அங்கே போனபின் வேளையை எப்படி மாற்றுவது என்பதைப் பலதுறை மருந்தக மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள்.

ஜூரோங் வாசகர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். நேரடிச் சேவையில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயன்படுத்தும் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கக்கூடிய) வகை விமானத்தில் 161 இருக்கைகளே உண்டு: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது என்பதால் கட்டணம் கூடுதல். அதே நிறுவனத்தின் பிராங்பர்ட் வழிச் சேவையில் எகானமி உண்டு. மொத்தப் பயணம் ஒரு முழு நாளை ஒட்டி வரும். ஆனால் முதல் கட்டம் ஏறத்தாழ 13 மணி நேரத்தில் முடிந்து, கால் நீட்டி நடக்க இடைவேளை கிடைக்கும். முழங்கால் வலியோ கால் வீக்கமோ உள்ள பெரியவர்களுக்கு அதுவே மேல் என்பது என் கருத்து. எதைத் தேர்ந்தெடுத்தாலும், அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவி தேவையென்றால் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.