கொரியாவில் ராணுவச் சட்டத்தை விரட்டியது மக்களா, 77-ஆம் பிரிவா?

அம்மாபேட்டை_தறி
2024 டிசம்பர் 3. சியோலில் இரவு 10:27, நம்ம சேலத்தில் மாலை 6:57. தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் டிவியில் வந்து ராணுவச் சட்டம் அறிவித்தார். விடியற்காலை நாலரைக்கு வாபஸ். ஆறு மணி நேரம்தான் தாக்குப்பிடித்தது. இதைச் செய்தது அந்தக் குளிரில் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடி வந்த ஜனம். 1980-ல் குவாங்ஜூவில் ராணுவம் செய்த கொலைகளை மறக்காத ஜனம். நம்மிடம் 1975 ஜூன் 25 இரவு அவசரநிலை வந்தபோது, அது போக 21 மாதம் ஆனது. அரசியல் சட்டத்தில் என்ன எழுதியிருந்து என்ன பயன்?

அஸ்தம்பட்டி_வக்கீல்
தறி அண்ணா, ஜனம் வந்தது உண்மை. ஆனால் வந்த ஜனத்துக்குக் கையில் ஒரு இலக்கு இருந்தது, அதை விட்டுவிட்டீர்கள். அவர்கள் அரசியல் சட்டத்தின் 77-ஆம் பிரிவுப்படி, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை பேர் 'நீக்கு' என்று தீர்மானம் போட்டால் அதிபர் நீக்கியே ஆக வேண்டும். 300 பேர் சபை, 151 ஓட்டு போதும். அன்று ராத்திரி வாசலில் நின்ற எல்லோருக்கும் ஒரே வேலை: 151 பேரை உள்ளே அனுப்பு, சிப்பாயை வெளியே நிறுத்து. இப்படி ஒரு எண் இல்லாவிட்டால் கூட்டம் கோஷம் போட்டுவிட்டுக் கலைந்திருக்கும்.

ஐந்துரோடு_65
எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். எதிர்க்கட்சி அந்த ஆட்சியில் 22 பதவிநீக்கத் தீர்மானம் கொண்டு வந்தது, பட்ஜெட்டில் 4.1 லட்சம் கோடி வொன் வெட்டியது. அரசாங்கத்தை நடத்த விடாமல் கட்டிப் போட்டால் அதிபர் என்னதான் செய்வார்?

அஸ்தம்பட்டி_வக்கீல்
மறுவாக்கெடுப்புக்குத் திருப்பி அனுப்பலாம், பேரம் பேசலாம், கோர்ட்டுக்குப் போகலாம். 77-ஆம் பிரிவு கேட்பது போர் அல்லது அதற்கு இணையான நெருக்கடி. பட்ஜெட் தகராறு அதில் வராது. முறையையும் அவர் காப்பாற்றவில்லை: அமைச்சரவை என்று கூடியது சில நிமிடம், பிரதமரோ அமைச்சர்களோ எதிர்க்கையெழுத்துப் போடவில்லை, சபைக்கு முறைப்படி தெரிவிக்கவும் இல்லை. 2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் 8-0 என்று அவரைப் பதவியிலிருந்து நீக்கியபோது இவை எல்லாம் தீர்ப்பில் வந்தன.

சேர்வராயன்_காப்பி
இரண்டு பேருமே ராணுவத்தை மறந்துவிட்டீர்கள். ஹெலிகாப்டர்கள் கிளம்பத் தாமதம், ஏனென்றால் தலைநகர வான்பகுதிக்குள் நுழைய அனுமதி தரவேண்டிய படைப்பிரிவு உடனே தரவில்லை. நள்ளிரவை ஒட்டித்தான் மைதானத்தில் இறங்கின. இறங்கிய சிறப்புப் படை ஜன்னலை உடைத்து உள்ளே போனது. ஊழியர்கள் சோபா, மேசைகளை அடுக்கி வழியை அடைத்தார்கள், தீயணைப்பானைப் பீய்ச்சினார்கள். கையில் துப்பாக்கி வைத்திருந்தவன் சுடவில்லை. அவன் மனது வைத்திருந்தால் உங்கள் 151-ம் இல்லை, ஜனமும் இல்லை.

அம்மாபேட்டை_தறி
ஏங்க சுடவில்லை? எதிரே ஆயிரக்கணக்கில் ஆள், எல்லோர் கையிலும் லைவ் ஓடுகிற போன். எதிர்க்கட்சித் தலைவர் லீ ஜே மியுங் சுவர் ஏறுவதையே நேரலையில் காட்டினார். சபாநாயகர் வூ வோன் ஷிக்கும் வேலி தாண்டித்தான் உள்ளே போனார். ஆளில்லாத கட்டடமாக இருந்திருந்தால் அதே சிப்பாய் அரை மணியில் வேலையை முடித்திருப்பான்.

அஸ்தம்பட்டி_வக்கீல்
இதில் இரண்டு பேரும் சரி என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது: சபை அவ்வளவு சீக்கிரம் தீர்மானம் போட முடிந்ததற்கு மக்களின் எதிர்ப்பும், படையும் போலீஸும் ஒப்புக்கு வேலை செய்ததும் காரணம். ஆனால் உள்ளே நடந்த ஒன்றைக் கவனியுங்கள். 150 பேர் தாண்டியதும் 'உடனே ஓட்டுக்கு விடு' என்று உறுப்பினர்கள் கத்துகிறார்கள். சபாநாயகர் அசையவில்லை, தீர்மானம் முறைப்படி பதிவாகி வரட்டும் என்று காத்திருந்தார். வெளியே கண்ணாடி உடைகிற நேரத்தில் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் விதி ஒன்று தப்பினாலும் 'தீர்மானம் செல்லாது' என்று அதிபர் உட்கார்ந்துகொள்வார். 1:01-க்கு ஓட்டு: 190-0. அதில் ஆளுங்கட்சி 18.

ஐந்துரோடு_65
அதுவும் சரி, அப்புறம் டிசம்பர் 7 பதவிநீக்கத் தீர்மானம் ஏன் தோற்றது? அவ்வளவு கூட்டம் வெளியே நின்றதே?

அம்மாபேட்டை_தறி
200 ஓட்டு வேண்டும், ஆளுங்கட்சி வெளிநடப்பு, 195 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். ஜனம் வீட்டுக்குப் போகவில்லை. பாட்டுக் கச்சேரிக்குக் கொண்டு போகிற லைட் குச்சியோடு பெண்பிள்ளைகள் நின்றார்கள்; வர முடியாதவர்கள் பக்கத்துக் காப்பிக் கடைகளில் முன்பணம் கட்டி 'கூட்டத்துக்குக் கொடுங்க' என்றார்கள். 14-ஆம் தேதி 204. எதிரணி மொத்தம் 192. மீதி 12 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று கணக்குப் போடுங்கள்.

சேர்வராயன்_காப்பி
சரி, நம் கதைக்கு வாருங்கள். இங்கே முடியுமா?

அஸ்தம்பட்டி_வக்கீல்
முதலில் இரண்டும் ஒன்றல்ல. நம் அரசியல் சட்டத்தின் 352-ஆம் பிரிவு அவசரநிலை பற்றியது. அதற்காக ராணுவம் தெருவுக்கு வரவேண்டியதில்லை. 'ராணுவச் சட்டம்' என்ற சொல் 34-ஆம் பிரிவில் வருகிறது, யார் எப்படி அறிவிப்பது என்று அங்கே ஒன்றும் இல்லை. 1978-ல் 44-ஆவது திருத்தம் 352-க்குப் பூட்டுப் போட்டது: 'உள்நாட்டுக் குழப்பம்' போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது, அமைச்சரவை எழுத்தில் தரவேண்டும் (1975-ல் அமைச்சர்களுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது), ஒரு மாதத்துக்குள் இரு சபையும் சிறப்புப் பெரும்பான்மையில் ஏற்கவேண்டும். நீக்குவதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், மக்களவை மட்டும் போதும். பத்தில் ஒரு பங்கு, அதாவது 543-க்கு 55 பேர் கையெழுத்துப் போட்டால் 14 நாளில் சிறப்புக் கூட்டம். படித்துப் பார்த்தால் கொரியாவைவிட நல்ல பூட்டு.

சேர்வராயன்_காப்பி
14 நாள்! அங்கே இரண்டரை மணி நேரம். கொரிய ஜனத்தொகையில் பாதி சியோலைச் சுற்றித்தான், எம்.பி. மெட்ரோவிலேயே வந்து சேரலாம். நம் எம்.பி. ராத்திரி ஊரில் இருந்தால்? நம் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து டெல்லிக்கு நேர் விமானம் கிடையாது, ரயிலென்றால் இரண்டு ராத்திரி. அதற்குள் அந்த 55 பேரில் எத்தனை பேர் வெளியில் இருப்பார்கள்?

அஸ்தம்பட்டி_வக்கீல்
அங்கேதான் ஓட்டை. கொரிய ராணுவச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, கையும் களவுமாகப் பிடிபட்டால் தவிர எம்.பி.யைக் கைது செய்யக்கூடாது என்கிறது. நம் எம்.பி.க்குத் தடுப்புக்காவலிலிருந்து விலக்கு இல்லை. திருச்சி எம்.பி. ஆனந்த நம்பியார் வழக்கில் 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: காவலில் இருப்பவர் சபைக்குப் போகும் உரிமை கேட்க முடியாது. அதை 44-ஆவது திருத்தம் தொடவில்லை.

ஐந்துரோடு_65
தறி, நம் ஜனத்தைக் குறை சொல்லாதீர்கள். 1975-ல் எதிர்ப்பு இல்லாமலா 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சியைக் கலைத்தார்கள்? அவசரநிலையே இல்லாத 1950 பிப்ரவரி 11-ல் நம் சேலம் சிறையில் 22 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

அம்மாபேட்டை_தறி
கட்சி எதிர்த்தது, மறுக்கவில்லை. ஆனால் ஜனத்துக்குச் செய்தி போகவேண்டுமே. அன்று ராத்திரி டெல்லியில் பத்திரிகை அச்சகங்களுக்குக் கரண்டை நிறுத்தினார்கள். இன்றைக்கு அதற்குச் சமம் இணையத்தை நிறுத்துவது, உள்துறைச் செயலாளர் கையெழுத்து ஒன்று போதும். யூன் அதைச் செய்யவில்லை, அதனால்தான் ஊரே வாசலுக்கு வந்தது. வக்கீல் சார், போன் ஓடாத ராத்திரியில் அந்த 55 கையெழுத்தை யார், எப்படித் திரட்டுவார்கள்? அதைச் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி_வக்கீல்
சபை நடக்கும்போது என்றால் எல்லோரும் டெல்லியில் இருப்பார்கள், ஒரு மாலை வேலை. நடக்காதபோது மனு ஜனாதிபதிக்குப் போகவேண்டும், எழுத்தில். தந்தி சேவையையும் 2013-ல் மூடிவிட்டோம்.