28 நாள் கோர்ஸ் முடிக்காதவரைக் களப் பயிற்றுநராக எடுக்கலாமா?

உச்சிப்பாறை:
நேற்று இன்னொரு இழையில் சோலைக்காற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போக மலையேற்றச் சான்றிதழ் தேவையில்லையாம். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பையனும், பாடம் சொல்லத் தெரிந்த ஒரு ஆசிரியரும் போதுமாம். முகாம்களுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவன் நான். விண்ணப்பம் வந்தால் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி மலையேற்ற நிறுவனங்களில் ஏதாவது ஒன்றில் 28 நாள் பேசிக் கோர்ஸ், அதில் ஏ கிரேடு. ஏ வாங்கினால்தான் அட்வான்ஸ்டு. அதிலும் ஏ வாங்கினால்தான் எம்.ஓ.ஐ., அதாவது பயிற்றுநர்களுக்குக் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தரும் கோர்ஸ். இந்தப் படியில் ஏறாதவர்கள் சமையல் கூடாரத்தில் ஒத்தாசை செய்யலாம், தப்பில்லை.

சோலைக்காற்று:
எரிச்சலுக்கு மோர் நல்லது சார். 28 நாளில் என்ன சொல்லித் தருகிறார்கள்? பாறையேற்றம், கயிற்றில் இறங்கும் ரேப்பலிங், கயிற்றில் கருவி மாட்டி ஏறும் ஜூமாரிங், பனிக்கோடரி பிடிப்பது, காலணியில் கிராம்பான் என்ற முள்தகடு மாட்டிப் பனியில் நடப்பது. கோத்தகிரியில் எந்தப் பனியில் கிராம்பான் மாட்டப் போகிறீர்கள்? அட்டை கடித்து அலறும் ஏழாம் வகுப்புப் பிள்ளையைச் சமாளிக்க வேண்டும். முப்பது பேர் வரிசையில் ஒருத்தி மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு மெல்லப் பின்தங்குவாள், அது கண்ணில் பட வேண்டும். இதற்கு எந்தக் கிரேடு? நான் பயிற்சி தரும் புது ஆட்கள் ஒரு பருவம் முழுக்க இரண்டாம் ஆளாகத்தான் நடப்பார்கள். சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து அன்றைக்கு எங்கே சொதப்பினோம் என்று பேசுவோம். ஆள் தேறுவது அங்கேதான்.

கயிறுமுடிச்சு:
மணாலியில் பேசிக் கோர்ஸ் 26 நாள். 28 இல்லை.

உச்சிப்பாறை:
28.

கயிறுமுடிச்சு:
26. உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் 28. மணாலியில் 26.

உச்சிப்பாறை:
இதை யார் கேட்டார்கள்? நான் உத்தரகாசியில் முடித்தவன். தெக்லா பாறையில் விரல் தேய்ந்து, டோக்ரியானி பனியாற்றில் மூக்கு உரிந்து வாங்கிய ஏ கிரேடு. பனியில் சறுக்கி விழும்போது கோடரியைக் குத்தி நிற்கப் பழகினால்தான், பதறாமல் இருப்பது என்றால் என்னவென்று உடம்புக்குத் தெரியும். மேடம் சொல்கிற அட்டைக்கடிக்கு உப்பு போதும்.

சோலைக்காற்று:
பாருங்கள், பிள்ளையைப் பற்றிக் கேட்டால் அட்டையைப் பற்றிப் பதில் வருகிறது. அப்புறம் ஒரு கேள்வி. 1954இல் டார்ஜிலிங் நிறுவனம் தொடங்கியபோது களப் பயிற்சி இயக்குநராக இருந்தவர் டென்சிங் நார்கே. அவரிடம் யார் ஏ கிரேடு கேட்டார்கள்?

உச்சிப்பாறை:
நீங்களும் எவரெஸ்ட் ஏறிவிட்டு வாருங்கள், 28 நாளைத் தள்ளுபடி செய்கிறேன்.

தேனிக்காரன்:
அண்ணே, இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள், பாம்பு பிடித்து. உங்கள் முகாமுக்கு வந்தால் அவர்களையும் சமையல் கூடாரத்துக்குத்தான் அனுப்புவீர்களா?

உச்சிப்பாறை:
பாம்பு பிடிப்பது வேறு, பிள்ளைகளைப் பொறுப்பெடுப்பது வேறு. பத்மஸ்ரீயைக் காட்டி மிரட்ட வேண்டாம். 28 நாள் என்றால் 28 நாள்.

கயிறுமுடிச்சு:
மணாலியில் படித்தவர் விண்ணப்பித்தால்? 2 நாள் குறைகிறதே, நிராகரிப்பீர்களா?

வாத்தியார்:
நான் அரசுப் பள்ளி ஆசிரியன். பசுமைப்படைப் பிள்ளைகளை வருடாவருடம் வெளியே கூட்டிப்போகிறேன். வழிகாட்டி வேறு, பயிற்றுநர் வேறு, இருவரையும் தேர்ந்தெடுத்து வளர்க்கும் பொறுப்பாளர் வேறு. நீங்கள் யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொன்னால் நல்லது. இன்னொன்று, பெண் பிள்ளைகள் கூடாரத்துக்குப் பெண் பணியாளர் கிடைப்பதே இல்லை. எங்கள் முகாமில் இரவு ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி, சொல்ல ஆள் இல்லாமல் விடியும்வரை சுருண்டு படுத்திருந்தாள். ஆள் எடுப்பவர்கள் இதற்கு என்ன செய்கிறீர்கள்?

உச்சிப்பாறை:
சார், பெண்களும் 28 நாள் கோர்ஸ் செய்கிறார்கள். முடித்துவிட்டு விண்ணப்பிக்கட்டும். அடுத்து.

தேனிக்காரன்:
குரங்கணியை யாரும் சொல்லவில்லையே. 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்கள் காய்ந்த புல்லுக்குள் தீயில் மாட்டி, 20க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். நான் அந்தப் பக்கத்துக்காரன். மாசி, பங்குனியில் அந்தப் புல் எப்படிப் பற்றும், காற்று எந்தச் சரிவில் திரும்பும் என்று மாடு மேய்க்கிற கிழவருக்குத் தெரியும். அதை எந்த 28 நாளில் சொல்லித் தருவீர்கள்?

உச்சிப்பாறை:
அதையேதான் நானும் சொல்கிறேன்! பயிற்சி பெற்றவர் எங்கே கூடுவது, எப்படி வெளியேறுவது என்று கிளம்புவதற்கு முன்பே எழுதி வைத்திருப்பார். கிழவருக்குக் காற்று தெரியும் சரி, முப்பது பேரைப் பதறவிடாமல் ஒரே பக்கம் நகர்த்தத் தெரியுமா?

சோலைக்காற்று:
உங்கள் ஏ கிரேடுக்குக் காற்று தெரியுமா?

தேனிக்காரன்:
2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே 40 தடங்களோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. வழிகாட்டிகள் அந்தந்த மலையின் பழங்குடி, உள்ளூர் இளைஞர்கள். பயிற்சி கொடுத்துத்தான் இறக்கினார்கள். அவர்கள் யாரும் பனிக்குப் போகவில்லை.

உச்சிப்பாறை:
அரசு செய்தால் சரியாகிவிடுமா? அமெரிக்காவைப் பாருங்கள். மலையேறி பால் பெட்சோல்ட் கொலராடோவில் அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெளிப்புறப் பயிற்சிப் பள்ளியில் வேலை செய்தபோது, தேறிய பயிற்றுநர்கள் போதவில்லை என்று கண்டார். அதனால்தான் 1965இல் வயோமிங்கில் நோல்ஸ் என்ற வெளிப்புறத் தலைமைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதே 1965இல்தான் நம் உத்தரகாசியும். உலகமே பயிற்சி பயிற்சி என்கிறது, மேடம் மட்டும் சாயங்காலம் உட்கார்ந்து பேசினால் போதும் என்கிறார்.

சோலைக்காற்று:
நோல்ஸில் புதிதாகச் சேர்ந்தவர் மூத்தவர்களுக்குக் கீழேதான் முதலில் வேலை செய்கிறார். அதைத்தானே நானும் செய்கிறேன். நீங்கள் கொண்டுவந்த சாட்சி எனக்குச் சாதகமாகப் பேசுகிறது சார். முதலுதவியையே எடுங்கள். காட்டுச் சூழலுக்கான வைல்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் பயிற்சி 70, 80 மணி நேரம், சில வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். என் ஆட்களை அதற்கு அனுப்புகிறேன். உங்கள் 28 நாள் சான்றிதழ் சட்டகம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்?

உச்சிப்பாறை:
ஏ கிரேடு காலாவதி ஆகாது.

கயிறுமுடிச்சு:
இப்படி ஒரு பதிலை எதிர்பார்த்துத்தான் காத்திருந்தேன்.

உச்சிப்பாறை:
கயிறுமுடிச்சு, நீ யார் என்று தெரியும் தம்பி. இரண்டு வருடம் முன்பு நான் நேர்முகத்தில் திருப்பி அனுப்பியவன்தானே? பி கிரேடு. அந்த வயிற்றெரிச்சலில் 26, 26 என்று கத்திக்கொண்டிருக்கிறாய்.

கயிறுமுடிச்சு:
பி கிரேடு வாங்கியதற்குக் காரணம் காய்ச்சல். அந்த நேர்முகத்தில் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா? ஃபிகர் ஆஃப் எய்ட் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்னீர்கள். போட்டேன். அதற்கப்புறம் சம்பளம் கேட்டதும் முகம் மாறியது. மழை மாதங்களில் வேலையில்லை, காப்பீடு கிடையாது, ஆனால் 28 நாள் கோர்ஸுக்கான பணமும் விடுப்பும் நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஜூனிலும் ஏன் ஆட்கள் ஓடுகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா?

தேனிக்காரன்:
இதுதான் விஷயம். படித்த பையன் சென்னையில் ஜிப்லைன் கம்பெனிக்குப் போய்விடுகிறான். மலையில் மிஞ்சுவது உள்ளூர்க்காரன்தான். அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றால் கோபம் வருகிறது.

உச்சிப்பாறை:
சம்பளம் நிர்வாகத்தின் விஷயம், என்னிடம் கேட்காதீர்கள். தலைப்பைப் படியுங்கள். கேள்வி 28 நாள் வேண்டுமா வேண்டாமா என்பது.

வாத்தியார்:
பெண் பணியாளர் பற்றி நான் கேட்டது...

சோலைக்காற்று:
வாத்தியார் சார், எங்களிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவரும் கோத்தர் சமூகத்துப் பெண்கள். தனிச்செய்தி அனுப்புங்கள்.

உச்சிப்பாறை:
அவர்கள் 28 நாள் முடித்தவர்களா?

சோலைக்காற்று:
இல்லை. ஊட்டியில் பிள்ளைகள் அவர்கள் பின்னால்தான் ஓடுகின்றன.

உச்சிப்பாறை:
ஓடட்டும். விழுந்தால் யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உங்கள் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பது வேறு விஷயம். டிசம்பரில் என் கிடங்கிலிருந்து இரவல் வாங்கிய இரண்டு ஸ்டாட்டிக் (அதிகம் நீளாத) கயிறுகள் இன்னும் திரும்பவில்லை.

சோலைக்காற்று:
ஒன்று திரும்பியது. மற்றொன்று வரும்போதே கயிற்றின் மேலுறை கிழிந்திருந்தது, அன்றைக்கே படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். அந்தக் கயிற்றில் பிள்ளைகளைத் தொங்கவிடும் ஏ கிரேடு எனக்கு இல்லை.

கயிறுமுடிச்சு:
அந்தப் படத்தை இங்கேயும் போடுங்கள் அக்கா.

உச்சிப்பாறை:
போடட்டும். உறையில் ஒரு கீறல், அவ்வளவுதான். 28 நாள் போயிருந்தால் கீறலுக்கும் கிழிசலுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

கயிறுமுடிச்சு:
மணாலிக்குப் போயிருந்தால் 26.