ஜீலம் படகு வீடுகள்: மிதந்தவனை ஏன் கரையேறச் சொல்கிறீர்கள்?

நதியோரத்தான்:
ஸ்ரீநகர் வெள்ளம் பற்றிய பேச்சில் ஒருவர், "ஜீலம் ஆற்றில் கிடக்கும் படகு வீடுகளை அகற்றினாலே பாதி வெள்ளம் குறையும்" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. 2014 செப்டம்பரில் ராஜ்பாக், ஜவஹர் நகர் வீடுகள் முதல் மாடி வரை முங்கின. படகு வீடுகள் மிதந்தன. அவற்றில் ஏறித் தப்பிய நகரவாசிகளும் உண்டு. 1903 வெள்ளத்துக்குப் பிறகு பாதுஷாஹி பாக்கிலிருந்து ஒரு வடிகால் வெட்டினார்கள், நகரத்துக்கு வெளியே தண்ணீரைக் கொண்டுபோக. அதை ஒட்டிய பள்ளத்தில்தான் பெமினா குடியிருப்பு எழுந்தது. அதை அகற்ற யாராவது வாய் திறந்தார்களா?

பழைய ஓவர்சியர்:
எழுதியது நான்தான். "பாதி" என்ற ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்காதீர்கள். மிதந்தது மிதந்தது என்கிறீர்களே, கட்டின கயிறு என்ன ஆயிற்று? இறுக்கிக் கட்டியிருக்கும்போது ஒரே ராத்திரியில் நாலைந்து அடி தண்ணீர் ஏறினால், கயிறு உள்ள பக்கம் அமுங்கும், மறுபக்கம் தூக்கும். சரிந்த பக்கம் தண்ணீர் உள்ளே வரும். முப்பது வருடம் ஆற்றங்கரையிலேயே வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

நதியோரத்தான்:
கயிற்றைத் தளர்த்துவார்கள் ஐயா! நான் அங்கே தங்கியிருந்தபோது ஒருநாள் ராத்திரி முழுக்க மழை. படகுக்காரரின் அப்பாவுக்கு எழுபது வயதிருக்கும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கரையில் குதித்தார். முளையில் சுற்றியிருந்த கயிற்றில் இரண்டு சுற்றை அவிழ்த்தார், நீளக் கழியை ஊன்றிப் படகைத் தள்ளி நிறுத்தினார், மறுபடி கட்டினார். விடிவதற்குள் மூன்று தடவை. தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த ஹாஞ்சி என்ற படகுக்காரச் சமூகத்து மக்களுக்கு நீங்கள் கயிறு கட்டக் கற்றுத்தர வேண்டாம்.

பழைய ஓவர்சியர்:
நான்காவது தடவை அவர் தூங்கிப்போனால்? வெள்ளம் வடியும்போது படகு கரைமேட்டில் குந்திக்கொண்டு நடுவே முறிந்தால்? ஜீலத்தின் நீர்மட்டம் பார்க்கும் ராம் முன்ஷி பாக் அளவுகோலில் 21 அடி என்பது அபாய அளவு. அது வருமுன்னே ஆளை இறக்க விதி வேண்டும் என்றால் என்னை விரோதி மாதிரி பேசுகிறீர்கள்.

மலர்விழி:
இரண்டு பேரும் கயிற்றையே இழுக்கிறீர்கள். அடிப்பலகையைப் பாருங்கள். தேவதாரு மரம்தான், ஆனாலும் உளுக்கும். பல வருடமாகப் புதுப் படகு கட்ட அனுமதி இல்லை. பழையதைப் பழுதுபார்க்கவும் காகிதத்தோடு அலைய வேண்டும். பலகை மாற்ற விடாமல் வைத்துவிட்டு, படகு பாதுகாப்பில்லை என்றால் எப்படி?

பழைய ஓவர்சியர்:
ஸ்ரீநகரின் தால் ஏரியில் படகு வீட்டுக் கழிவு கலந்ததால்தான் இந்த அனுமதி விஷயம் நீதிமன்றம் வரை போயிற்று அம்மா. 2023 நவம்பரில் அதே ஏரியில் ஐந்து படகு வீடுகள் எரிந்து, பங்களாதேஷ் பயணிகள் மூன்று பேர் இறந்தார்கள். அதற்கும் விதி வேண்டாமா?

மலர்விழி:
வெள்ளம் பற்றிக் கேட்டால் தீயைப் பற்றிச் சொல்கிறீர்கள். போன மாதம் ஏரி ஆக்கிரமிப்பு பற்றிப் பேசியபோதும் இதையேதான் செய்தீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வரவே இல்லை.

பழைய ஓவர்சியர்:
அன்றைக்கு என்னைப் "பழைய ஃபைல்" என்றது நீங்கள்தானே? நானும் மறக்கவில்லை. மரியாதை கொடுத்தால் பதில் வரும்.

நதியோரத்தான்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். இறக்குங்கள் என்கிறீர்களே, எங்கே இறக்குவது? பயணிகள் தங்கும் படகுக்குப் பின்னால் டூங்கா என்ற சின்னப் படகில்தான் குடும்பமே இருக்கிறது. சமையல், பிள்ளைகள் படிப்பு, பிரசவம் எல்லாம் அதிலேதான். தால் ஏரிக்குள் குடியிருந்தவர்களுக்கு மாற்றிடம் எங்கே கொடுத்தார்கள் தெரியுமா? பெமினா பக்கம் ராக்-இ-ஆர்த். அதுவே சதுப்பு நிலம், வெள்ளம் வந்தால் தண்ணீர் நிற்கும் இடம். மிதக்கிறவனை இறக்கி, முங்குகிற இடத்தில் வீடு கட்டு என்கிறார்கள். இதைச் சொன்னால் கயிறு, கயிறு என்கிறீர்கள்.

பழைய ஓவர்சியர்:
ராக்-இ-ஆர்த்தில் நடந்தது தப்பாகவே இருக்கட்டும். அதனால் கயிறு நீளமாகிவிடுமா?

நதியோரத்தான்:
2014இல் மிதந்ததா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பழைய ஓவர்சியர்:
எல்லாமே மிதந்ததா? அதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

மலர்விழி:
பலகை பற்றி நான் கேட்டது அப்படியே நிற்கிறது.

நதியோரத்தான்:
நிற்கட்டும் அம்மா. முதலில் "பாதி வெள்ளம்" கணக்கு வரட்டும். அது வரும்வரை நான் தினமும் கேட்பேன்.