ஏற்காடு இறங்கும்போது நீலப் புகை: ரீபில்டா, கே04-ஆ?

அஸ்தம்பட்டி ஆர்எஸ்:
வணக்கம். 2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார், 1.8 டர்போ (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற சாதனம்), 1,42,000 கிமீ. அப்பா வாங்கின வண்டி, விக்கிற எண்ணமே இல்ல. ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுல இருந்து ரெண்டாவது கியர்லயே இறங்கினேன். அடிவாரத்துல ஆக்சிலரேட்டரை மிதிச்சதும் பின்னாடி வந்த பைக் தெரியாத அளவுக்கு நீலப் புகை. டர்போ கார்ட்ரிட்ஜ் (ஷாஃப்ட், வீல், பேரிங் இருக்கிற நடுப்பகுதி) மாத்தி 15 மாசம்தான் ஆச்சு. இருக்கிற கே03 டர்போவையே மறுபடியும் ரீபில்ட் (உள்பாகம் மாத்திச் சரி) பண்ணவா, இல்ல அதைவிடப் பெரிய கே04 டர்போ போட்டுடலாமா?

மலைப்பாதை20:
கே04 போட்டு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்துறது) பண்ணிடுங்க நண்பா.

பட்டறைக்காரன்:
தம்பி, ரெண்டுமே இப்ப வேண்டாம். நான் லாரி டர்போ பிரிச்சே தலை நரைச்சவன், சங்ககிரி வண்டிங்கதான் அதிகம். ஆக்சிலரேட்டரை மிதிக்காம இறங்கி, மிதிச்சதும் புகைன்னா டர்போ இல்லாம, இன்ஜின் வால்வு சீல் வழியா எண்ணெய் கசியறதாவும் இருக்கலாம். முதல்ல டர்போ காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலரோட ஹோஸைக் கழட்டிப் பாருங்க. லேசா எண்ணெய் ஈரம் சகஜம், தேங்கி நின்னா தப்பு. அப்புறம் டர்போ ஷாஃப்ட்டை விரலால ஆட்டுங்க. கொஞ்சம் பக்கவாட்டுல ஆடும், அது எண்ணெய் நிக்கிற இடைவெளி. ஷாஃப்ட் முனையில இருக்கிற வீல் (விசிறிச் சக்கரம்) டர்போ சுவர்ல உரசக் கூடாது, முன்னும் பின்னும் நகரவே கூடாது.

அஸ்தம்பட்டி ஆர்எஸ்:
பார்த்தேன் அண்ணே. ஹோஸ்ல ஒரு குழிக்கரண்டி எண்ணெய். வீல் உரசின கோடு பளபளன்னு தெரியுது. டர்போவுக்கு எண்ணெய் வர்ற ஃபீட் பைப்புக்குள்ள கரி, ஊதினா காத்தே போகல.

பட்டறைக்காரன்:
அந்தப் பைப்தான் உங்க டர்போவைக் கொன்னுருக்கு. போன தடவை கார்ட்ரிட்ஜை மட்டும் மாத்தி, பழைய பைப்பையே பூட்டியிருக்காங்க. நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுத்துக்கு மேல ஓடுற ஷாஃப்ட், எண்ணெய்ப் படலத்து மேலதான் மிதக்குது. படலம் அறுந்தா பேரிங் தேஞ்சு வீல் உரசும்.

ஃபீட் பைப் புதுசு போடுங்க, கழுவிப் போட வேண்டாம். எண்ணெய் திரும்பிப் போற ரிட்டர்ன் பைப்பையும் பாருங்க. அது அடைச்சா எண்ணெய் திரும்ப வழியில்லாம சீல் வழியாத்தான் வரும், அங்க ரப்பர் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி இரும்பு வளையம். சம்ப்பை (இன்ஜின் அடியில இருக்கிற எண்ணெய்த் தொட்டி) இறக்கி, எண்ணெய் வடிகட்டுற ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் பண்ணுங்க. கார்ட்ரிட்ஜை பேலன்ஸ் பண்ணின ரிப்போர்ட்டோட கேட்டு வாங்குங்க. பூட்டினதும் டர்போவுக்குள்ள எண்ணெய் ஊத்தி வீலைக் கையால சுத்திவிட்டு, ஃப்யூல் பம்ப் ஃப்யூஸை எடுத்துட்டு கிராங்க் பண்ணி (ஸ்டார்ட்டரால இன்ஜினைச் சுத்தவிட்டு), ஆயில் பிரஷர் விளக்கு அணைஞ்ச பிறகு ஃப்யூஸைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

கே04 விஷயம்: 225 குதிரைத்திறன் ஆடி டிடியில வந்ததுக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டே வேற. இன்ஜெக்டர், இன்டர்கூலர், மேப்னு செலவு நீளும். 20 கொண்டை ஊசி வளைவுக்கு சின்ன கே03தான் சீக்கிரம் பூஸ்ட் (காத்தழுத்தம்) தரும். 1,500 மீட்டர்ல காத்து மெலிசு, அதே பூஸ்ட்டுக்கு டர்போ இன்னும் வேகமா சுத்தணும், அதனால அங்க ரீமேப் வேற வேண்டாம்.

மேல ஏறினதும் உடனே சாவியைத் திருப்பாதீங்க. கடைசி ஒரு கிலோமீட்டர் மெதுவா ஓட்டிட்டு ஏரிக்கரையில நிறுத்துங்க. கொதிக்கிற டர்போவுக்குள்ள நிக்கிற எண்ணெய்தான் கருகிக் கரியாகுது.

அஸ்தம்பட்டி ஆர்எஸ்:
ரொம்ப நன்றி அண்ணே. ரெண்டு பைப்பும் ஆர்டர் போட்டுட்டேன், சனிக்கிழமை சம்ப் இறக்குறோம்.