பொண்ணுக்கு லக்ராஸ்: எந்த கிளப்ல, எப்படிச் சேர்க்கறது? (மேரிலாந்து, கொலம்பியா பக்கம்)

கோவில்பட்டிக்காரி:
வணக்கம். போன ஜூன்லதான் டெக்சஸ்ல இருந்து கொலம்பியாவுக்குக் குடிவந்தோம். பொண்ணு நாலாம் கிளாஸ். ஸ்கூல் ஜிம் கிளாஸ்ல லக்ராஸ் ஆட, பந்தைப் பிடிச்சு எறியற வலை கட்டின குச்சி ஒண்ணைக் கையில குடுத்திருக்காங்க. அன்னையிலேருந்து வீட்ல துடைப்பத்தைக்கூட தோள்கிட்ட வச்சு ஆட்டிக்கிட்டே அலையுறா. எங்க ரெண்டு பேருக்கும் கோவில்பட்டி, ஹாக்கி பார்த்து வளர்ந்தவங்க. இந்த ஆட்டம் ஒண்ணும் புரியலை.

ஒரு கிளப்புக்கு போன் பண்ணேன். வருஷத்துக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் டாலராம், யூனிஃபார்ம் தனியாம். தலை சுத்திருச்சு. வேற வழி இருக்கா? அவளுக்கு அக்டோபர்ல பத்து முடிஞ்சுது, அப்ப 10யு-ல (பத்து வயசுப் பிரிவு) எடுக்க மாட்டாங்களா? பசங்க ஹெல்மெட் போடுறாங்க, பொண்ணுங்க வெறும் கண்ணாடியோட நிக்கறாங்களே, அடிபடாதா?

எல்லிகாட் சிட்டி அம்மா:
நீங்க போன் பண்ணது ட்ராவல் டீம், ஆள் தேர்ந்தெடுத்து வெளியூர் போய் ஆடறவங்க. முதல் வருஷத்துக்கு அது வேண்டவே வேண்டாம்பா. கவுண்டி ரெக் லீக்ல, அதான் உள்ளூர்ப் பிள்ளைங்க சும்மா ஆடிப் பழகற லீக்ல சேருங்க. நான் கட்டினது இருநூறு டாலருக்கும் கீழ. சீசன் மார்ச்ல ஆரம்பிச்சு ஜூன் தொடக்கத்துல முடியும், பதிவு பனிக்காலத்துலயே நடக்கும். இப்ப ஜனவரி, இன்னைக்கு ராத்திரியே பாருங்க. பத்து வயசுக் கூட்டம் சீக்கிரம் நிரம்பும். யூஎஸ்ஏ லக்ராஸ் (நாட்டு அளவுல இந்த ஆட்டத்தை நடத்தற அமைப்பு) உறுப்பினர் எண் கேட்டா முதல்ல அதை வாங்கிக்கோங்க, விளையாட்டுக் காப்பீடு அதோடதான் வருது.

வயசுக்கு செப்டம்பர் 1-தான் கணக்கு. அன்னைக்கு உங்க பொண்ணுக்கு ஒன்பதுதான், அதனால 10யு-லயே வருவா. நம்ம ஊர்ல "பதினொண்ணு நடக்குது"ன்னு சொல்ற கணக்கை ஃபார்ம்ல போட்டுடாதீங்க!

அடி விஷயம்: பொண்ணுங்க ஆட்டம் வேற, பசங்க ஆட்டம் வேற. பொண்ணுங்க ஆட்டத்துல உடம்பால இடிக்கக் கூடாது. 10யு-ல எதிராளி குச்சியைத் தட்டவும் கூடாது. ஆனா பந்து கெட்டி ரப்பர், கிரிக்கெட் பந்தைவிட எடை கொஞ்சம்தான் கம்மி. அதனால காகிள்ஸும் (கண்ணுக்கு) மவுத்கார்டும் (பல்லுக்கு) கட்டாயம். காகிள்ஸ் வாங்கும்போது ஏஎஸ்டிஎம் எஃப்3077-ன்னு பாதுகாப்புத் தர எண் போட்டிருக்கான்னு பாருங்க. கோல்கீப்பருக்கு மட்டும் ஹெல்மெட், பேட் எல்லாம் உண்டு.

நான் பண்ண முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். கராஜ் சேல்ல பத்து டாலருக்கு ஒரு ஸ்டிக் கிடைச்சுதுன்னு பெருமையா வாங்கிட்டு வந்தேன். முதல் மேட்ச்ல ரெஃப்ரி அதுல பந்தைப் போட்டு, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துட்டு, ஓரமா வச்சுட்டார். அது பசங்க ஸ்டிக், பாக்கெட் (பந்து உக்கார்ற வலை) ஆழம் அதிகம். பொண்ணுங்க ஸ்டிக்ல பந்தோட மேல்பக்கம் விளிம்புக்கு மேல தெரியணுமாம். என் பொண்ணு மூஞ்சி போன போக்கை இன்னும் மறக்கலை. பழசு வாங்குங்க, தப்பில்லை, பொண்ணுங்க ஸ்டிக்தானான்னு கேட்டு வாங்குங்க.

டவ்சன் அப்பா:
அக்கா சொன்னதுல முக்காவாசி சரி. ட்ராவல் டீமை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம். பெரியவளை ஏழாவதுல சேர்த்தோம், நல்லா முன்னேறினா. ட்ரைஅவுட் (ஆள் தேர்வு) கோடையில வைப்பாங்க, டீமுக்குப் பேரே பிள்ளைங்க ஹைஸ்கூல் முடிக்கப் போற வருஷம்தான். ஆனா நாலாவது படிக்கிற குழந்தைகிட்ட காலேஜ் ஸ்காலர்ஷிப் பத்தி யாராவது பேசினா போனை வச்சிடுங்க. என்கிட்ட ஒரு கிளப்ல பேசினாங்க. பதினொண்ணாவது படிக்கிற வருஷம் செப்டம்பர் 1 வரைக்கும் மேல்மட்ட (டிவிஷன் 1) காலேஜ் கோச் பிள்ளைகளோட அதைப் பேசவே கூடாதுன்னு விதி இருக்கு.

இந்த ஊர்ல இது சும்மா வந்த மோகம் இல்லை. அமெரிக்கப் பூர்வகுடி மக்களோட ஆட்டம் இது. பால்டிமோர்ல பொண்ணுங்க ஆட ஆரம்பிச்சது 1926-ல, பிரின் மார் ஸ்கூல்ல. 2004-லேருந்து லக்ராஸ் மேரிலாந்தோட அதிகாரபூர்வ குழு விளையாட்டு. (தனி விளையாட்டு என்ன தெரியுமா? குதிரை மேல ஈட்டியோட போற ஜவுஸ்டிங்! சத்தியமா.)

வீட்ல தினம் பதினஞ்சு நிமிஷம் சுவத்துல பந்தை எறிஞ்சு பிடிக்கச் சொல்லுங்க, வலது கை, இடது கை ரெண்டும். கராஜ் கதவுல வேண்டாம். எங்க கதவுல மூணு குழி இருக்கு.

கோவில்பட்டிக்காரி:
ரொம்ப நன்றிக்கா, நன்றி அண்ணா. நேத்தே ரெக்ல பதிஞ்சாச்சு, 10யு-தான். ஞாயிறு மத்தியானம் மேட்ச் வருமாம், தமிழ்ப் பள்ளியும் அப்பதான். என்ன செய்ய?

எல்லிகாட் சிட்டி அம்மா:
தமிழ் டீச்சர்கிட்ட இப்பவே சொல்லி வைங்க. மேட்ச் எட்டு பத்து வாரம்தான், என் பொண்ணு வீட்டுப்பாடத்தைக் கார்லயே முடிச்சா. மைதானத்துக்குப் போர்வை எடுத்துட்டுப் போங்க, மார்ச் காத்து எலும்புல ஏறும்.

கோவில்பட்டிக்காரி:
சரிக்கா. ஸ்டிக்கும் வந்தாச்சு, பொண்ணுங்க ஸ்டிக்தான், கேட்டுத்தான் வாங்கினேன். அதை இப்ப வீட்டுக்காரர் தலைகீழாப் பிடிச்சு ஹால்ல பந்தை உருட்டிக்கிட்டு இருக்கார்.